மேல்வரம்பு

மதுரைக்குக் கடல் கிடையாது.
ஏழுகடல் என்றொரு தெரு மட்டும் உண்டு,
அங்கே இப்போது பாத்திரமும் பூஜைச் சாமானும் விற்கிறார்கள்.
ஒருகாலத்தில் கடல் ஊருக்குள் ஏறி வந்ததாம்,
பாண்டியன் வேலெறிந்தானாம்,
அது வற்றி அவன் காலடியில் நின்றதாம்.
எல்லை நிபந்தனையை
அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

என்னிடம் வேல் இல்லை.
செல்லூரில் ஒரு கீழ்வீடு, ஒரு மேசை,
பழைய கணினி இரண்டு, அவற்றுக்கென்று ஒரு மின்விசிறி.
இரவு பதினொன்றுக்கு மேல்
தொண்டியிலிருந்து மண்டபம் வரை
கடலைக் கட்டம் கட்டமாக வெட்டி
அதன்மேல் புயலை ஓட்டுகிறேன்.
காற்றழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினால்
தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறும்.
அது சின்னக் கணக்கு.
பெரிய கணக்கு காற்று.
ஆழமில்லாத கடலை அது
தாம்பாளத்துத் தண்ணீர்போல்
ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போகும்.
அந்த நேரம் ஓதமும் உச்சியில் இருந்துவிட்டால்
பிறகு என்ன.

ஆற்றின் வரத்தையும் கேட்கும் நிரல்.
வைகை என்று தட்டி
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் கொடுப்பேன்.
ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை அது.

துறைமுகத்து அளவியில் பழைய புயல் ஒன்று இருக்கிறது.
ஒரு மணி: 0.88
ஒன்றரை: 1.17
இரண்டு: 1.42
இரண்டரை: −999
மூன்று: −999
கருவி செத்துப்போனால் அப்படித்தான் எழுதும்.
எந்த மணிநேரம் நமக்கு வேண்டுமோ
அந்த மணிநேரத்தில் சாகும்.

ஆகவே ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
கணக்கர் சவரிராஜ் பீரோவைத் திறந்து
நனைந்து காய்ந்த பேரேடு ஒன்றை எடுத்துப் போட்டார்.
இரண்டாம் தட்டில் நிமிர்த்தி வைத்திருந்ததாம்.
பக்கத்துக்குப் பக்கம் ஒரே உயரத்தில்
டீ நிறத்தில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே மை கரைந்து
யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியவில்லை.
"கடன்காரனுக்கெல்லாம் அன்னைக்கு நல்ல நேரம் மேடம்" என்றார்.
தரையின் உயரம், தட்டின் உயரம், கோட்டின் உயரம்,
நாடா வைத்துக் கூட்டினேன்:
இரண்டு புள்ளி பூஜ்யம் நான்கு.
−999ஐ அடித்துவிட்டுப் பென்சிலால் அதை எழுதினேன்,
கருவியின் பெயர் என்ற இடத்தில்
சவரிராஜ்.

பொறியாளர் உதுமான் கனி போனில்:
"ஒரே ஒரு நம்பர் குடுங்க, செவுரு கட்டணும்."
நூறாண்டு மட்டம் இரண்டு புள்ளி மூன்று சார்,
கீழ்வரம்பு ஒன்று புள்ளி ஒன்பது,
மேல்வரம்பு மூன்று புள்ளி ஒன்பது.
"நூறு வருஷத்துக்கு ஒரு தடவதான?
போன புயல் வந்து முப்பதுதான் ஆச்சு,
எழுபது பாக்கி இருக்கே."
கடலுக்குப் பேரேடு கிடையாது சார்,
வருஷா வருஷம் புதுசாச் சோழி உருட்டுது என்றேன்.
சிரித்தார். நல்ல மனிதர்தான்.
2.3 என்று எழுதிக்கொண்டார்.
வரம்புகளுக்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

இன்றிரவு புயல் ஓடிக்கொண்டிருக்கையில்
அதே நாடாவை எடுத்து
என் சுவரில் தரையிலிருந்து அளந்தேன்.
ஒன்று ஒன்பது: காலண்டர் ஆணி.
இரண்டு மூன்று: பரணில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளின் அடி,
உள்ளே என் ஆராய்ச்சிப் பிரதிகள்.
மூன்று ஒன்பதுக்குச் சுவரில் இடமில்லை.
நாடா கூரையில் முட்டி மடங்கியது.
மீதியை மனதில் கூட்டினேன்.
தளத்தின் கனம் ஐந்து அங்குலம்,
பிறகு மாடிவீட்டுத் தரை,
அதற்கு மேலே இரண்டரை அடி.

சேலைத் தொட்டிலின் அடி
ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் தொங்கும்.
மங்கை ஆட்டுகிறாள்.
விட்டத்துக் கொக்கி கிறீச்சிடுவது
இங்கே கேட்கிறது,
போய், வந்து,
போய்.